ஸ்டீலா, அலாயா? கல்லில் இடிக்கும்போது சக்கரத்துக்கு என்ன ஆகிறது

ஆஃப் ரோடு வண்டி வைத்திருக்கும் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "அலாய் வீல் போட்டுக்கிட்டு பாறைப் பக்கம் போகாதே, உடைஞ்சிடும். ஸ்டீல்னா வளையும், தட்டி நிமிர்த்திக்கலாம்" என்பார் ஒருவர். "அதெல்லாம் அந்தக் காலம். ராலி வண்டியிலேயே அலாய்தான் ஓடுது" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் பொய் இல்லை. டக்கார் ராலியில் பாலைவனத்தைக் கடக்கும் முதல்நிலைக் கார்கள் அலுமினியச் சக்கரத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் கரடுமுரடான வேலைக்கென்றே பெயர் வாங்கிய டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசையின் உழைப்பாளி வகைகள் ஸ்டீல் ரிம்மோடுதான் ஆலையிலிருந்து வெளியே வருகின்றன. 2019-ல் அறிமுகமான புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கும் வெள்ளை பெயின்ட் அடித்த 18 அங்குல ஸ்டீல் சக்கரம் உண்டு.

அப்படியானால் எது வலு? கேள்வியே கொஞ்சம் கோணல். வலு என்று நாம் சொல்வது ஒரே குணம் இல்லை. எந்தக் குணத்தைக் கேட்கிறோம் என்று பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தானாகவே ஓய்ந்துவிடும்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

அலாய் என்றால் உலோகக் கலவை. ஒரு உலோகத்தோடு வேறு பொருள்களைச் சேர்த்து உருக்கினால் கிடைப்பது. இரும்போடு சிறிது கரிமம் சேர்ந்ததுதான் ஸ்டீல். அந்தக் கணக்கில் ஸ்டீல் ரிம்மும் ஒரு அலாய் வீல்தான்! ஆனால் கடையில் அலாய் வீல் என்று கேட்டால் கிடைப்பது அலுமினியக் கலவை. பெரும்பாலான சக்கரங்களில் அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கானும், கொஞ்சமே கொஞ்சம் மக்னீசியமும் இருக்கும். இதை இன்னும் சிலர் மேக் வீல் என்பார்கள். ஒரு காலத்தில் பந்தயக் கார்களுக்கு மக்னீசியத்தில் செய்த சக்கரங்களின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

செய்யும் விதமும் வேறு. ஸ்டீல் சக்கரம் இரண்டு துண்டு. நீளத் தகட்டை வளைத்துப் பற்றவைத்தால் டயர் உட்காரும் வளையம். இன்னொரு தகட்டை அச்சில் அழுத்தினால் நடுவில் நட்டு போடும் வட்டு. இரண்டையும் வெல்டு வைத்துச் சேர்த்தால் சக்கரம் தயார். அலாய் வீல் பெரும்பாலும் ஒரே துண்டு. உருகிய கலவையை அச்சில் ஊற்றி எடுப்பார்கள். இதற்கு வார்ப்பு என்று பெயர். திடக் கட்டியைப் பெரிய அழுத்தியில் நசுக்கி உருவாக்கினால் அது ஃபோர்ஜிங். வார்த்த சக்கரத்தின் வளையப் பகுதியை மட்டும் சுழலவிட்டு உருளைகளால் அழுத்தி நீட்டுவது ஃப்ளோ ஃபார்மிங். வலுவிலும் விலையிலும் அது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

ஒரு ஜெம் கிளிப் சொல்லித் தருவது

மேஜையில் கிடக்கும் ஜெம் கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லேசாக விரித்துவிட்டால் பழையபடி மூடிக்கொள்ளும். எவ்வளவு எளிதில் விரிகிறது என்பதுதான் விறைப்பு பற்றிய கேள்வி. இன்னும் கொஞ்சம் விரித்தால் திரும்பாது, அப்படியே நிற்கும். உடையாமல் இப்படி உருமாறும் குணத்துக்கு நீள்மை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அப்புறம் முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப வளையுங்கள். சில தடவைக்குள் 'டக்'கென்று உடையும். ஒரே தடவையில் உடைக்க முடியாததைப் பல தடவை மடக்கி உடைப்பதுதான் உலோகச் சோர்வு.

இப்போது ஒரு சாக்பீஸை வளைத்துப் பாருங்கள். வளையவே வளையாது, முறியும். விறைப்பு நிறைய, நீள்மை சுத்தமாக இல்லை.

ஸ்டீல் ரிம் ஜெம் கிளிப் பக்கம். அலாய் வீலைச் சாக்பீஸ் என்று சொன்னால் அநியாயம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டால், வார்ப்பு அலுமினியம் ஸ்டீலைவிடச் சாக்பீஸுக்குக் கொஞ்சம் அருகில் நிற்கும். எண்ணில் சொன்னால், சக்கரத்துக்குப் பயன்படும் ஸ்டீலை இழுத்தால் சுமார் 20 முதல் 30 சதவீதம் நீண்ட பிறகே அறும். சக்கரத்துக்கான வார்ப்பு அலுமினியம் பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தாண்டாது. காரணம் அந்தச் சிலிக்கான்தான். அது இருந்தால்தான் உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். ஆனால் உறைந்த பிறகு உள்ளே கடினத் துகள்களாகத் தங்கிவிடும். வார்க்கும்போது மாட்டிக்கொண்ட நுண்ணிய காற்றுக் குழிகளும் இருக்கும். விரிசலுக்கு ஓர் ஆரம்பப் புள்ளி வேண்டுமே, அது இவைதான். ஃபோர்ஜிங்கில் அந்தக் குழிகள் நசுங்கி மறைந்துவிடுவதால் அந்தச் சக்கரங்கள் இந்த விஷயத்தில் நன்றாகத் தாங்கும்.

சோர்விலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு அளவுக்குக் கீழே உள்ள ஆட்டத்தை ஸ்டீல் கிட்டத்தட்ட எத்தனை தடவை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படிப் பத்திரமான கோடு ஏதும் இல்லை. சின்ன ஆட்டமும் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். பயந்துவிட வேண்டாம். இதை அறிந்துதான் வடிவமைப்பாளர்கள் வண்டியின் ஆயுளைவிட அதிகம் தாங்கும்படி தடிமன் வைக்கிறார்கள்.

இதுவரை: விறைப்பு, நீள்மை, சோர்வு மூன்றும் தனித்தனி. "ஸ்டீல் வளையும், அலாய் உடையும்" என்ற பேச்சு நீள்மையை மட்டும் பற்றியது.

அலாய் ஏன் அவ்வளவு தடிமன்?

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் சுமார் 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அடடா, லேசு என்று தோன்றும். ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே தடிமனில் இரண்டு தகடு எடுத்தால் அலுமினியத் தகடு மூன்று மடங்கு எளிதில் வளையும். லாபமும் நட்டமும் சரிக்குச் சரி.

விளையாட்டு தடிமனில் இருக்கிறது. ஒரு தகட்டின் தடிமனை இரட்டிப்பாக்கினால் வளைவதை எதிர்க்கும் திறன் இரண்டு மடங்கு இல்லை, எட்டு மடங்கு ஆகும். ஒரு ஒற்றைத் தாளையும் அதே காகிதத்தில் செய்த அட்டையையும் வளைத்துப் பார்த்தால் கைக்கே தெரியும். ஸ்டீல் தகட்டின் அதே எடைக்கு அலுமினியத் தகடு செய்தால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடிமனாக வரும். கணக்குப் போட்டால் அந்தத் தகடு ஸ்டீலைவிடச் சுமார் எட்டு மடங்கு விறைப்பு. வடிவமைப்பாளர் இந்த லாபத்தில் கொஞ்சத்தை எடைக் குறைப்புக்கும் மீதியை விறைப்புக்கும் செலவு செய்கிறார்.

ஆகவே நல்ல அலாய் வீல் ஸ்டீல் ரிம்மைவிட வளைய மறுக்கும். ஸ்டீலில் ஒடுக்கு விழுந்துவிடும் இடியை அது ஒரு கீறலோடு கடந்துவிடலாம். தாங்கும் எல்லை உயரம். ஆனால் எல்லையைத் தாண்டினால் அதிக அவகாசம் தராது. ஸ்டீலின் எல்லை தாழ்வு, தாண்டிய பிறகு நிறைய இடம் தரும். சின்ன இடிகளில் அலாய் ஜெயிக்கும், மிகப் பெரிய இடியில் ஸ்டீல் நம்மை வீடு சேர்க்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்லில் இடிக்கும் அந்தக் கணம்

சக்கரம் கல்லின் மேல் ஏறும்போது கல் நேரடியாக உலோகத்தில் படாது. டயர் நடுவில் இருக்கிறது. டயர் நசுங்கி, அதன் இரண்டு பக்கச்சுவரும் மடங்கி, கடைசியில் ரிம்மின் விளிம்பு டயர் ரப்பரைக் கல்லோடு வைத்துக் கிள்ளும். அப்போதுதான் அடி உலோகத்துக்குப் போகிறது. அடி வாங்குவது பெரும்பாலும் வளையத்தின் ஓரம். அதிலும் உள்பக்க ஓரத்துக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் வெளிப்பக்கத்துக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி ஸ்போக் இருக்கிறது. உள்பக்கத்துக்கு அந்த ஆதரவு இல்லை.

இரண்டு சம்பவங்களை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை வறண்ட ஓடையைக் கடக்கும்போது எங்களுக்கு முன்னால் போன வண்டியின் ஸ்டீல் ரிம் ஒரு கூர்க்கல்லில் இறங்கியது. விளிம்பு இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே மடங்கி, அந்த இடுக்கு வழியாகக் காற்று 'உஸ்' என்று போனது. சக்கரத்தைக் கழற்றிப் படுக்க வைத்தோம். ஒரு தட்டைக் கல்லை முட்டுக் கொடுத்து, இரண்டு கிலோ சுத்தியலால் பத்து நிமிடம் அடித்தோம். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் காற்று நின்றது. ஊருக்குத் திரும்பும் வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் உதறியது. அந்த ரிம் வட்டமாக இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. தட்டி நிமிர்த்தியது வீடு சேர்வதற்கு மட்டும். அதை மறுபடி நெடுஞ்சாலையில் ஓட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

மற்றது என் சொந்த அலாய் வீல். எங்கேயோ ஒரு 'டம்' என்ற சத்தம், இறங்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மூன்று வாரமாக அந்த ஒரு டயரில் மட்டும் காற்று குறைந்துகொண்டே வந்தது. பஞ்சர் பார்த்தவர் டயரில் ஓட்டை இல்லை என்றார். கழற்றி உள்பக்கம் சோப்புத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான், விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடிய மயிரிழை விரிசலில் குமிழிகள் வரிசையாக எழுந்தன. அலாய் "உடையும்" என்றால் கண்ணாடிபோல நடுவழியில் சிதறும் என்று பலர் கற்பனை செய்கிறார்கள். மிகப் பலமான அடியில் துண்டு பெயர்வது உண்டுதான். ஆனால் அதைவிட அதிகம் நடப்பது இந்தச் சத்தமில்லாத விரிசல்தான். என்னைக் கேட்டால், அதுதான் ஸ்டீலின் அசிங்கமான ஒடுக்கைவிடக் கவலைக்குரியது. ஒடுக்கு கண்ணில் படும், விரிசல் படாது.

அந்த விரிசலை வெல்டு வைத்துத் தருகிறோம் என்பவர்கள் உண்டு. அலுமினியச் சக்கரத்துக்கு அதன் வலு வருவதே ஆலையில் கணக்காகச் சூடாக்கிக் குளிரவைக்கும் பதத்தால்தான். டார்ச் வைத்தாலோ வெல்டு வைத்தாலோ அந்த இடத்தில் பதம் கெட்டுவிடும். நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

வேகத்தையும் மறக்கக் கூடாது. இடியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 10-ல் இடித்ததை 20-ல் இடித்தால் நாலு மடங்கு அடி. மெதுவாகப் பாறை ஏறுபவரைவிட, தார் ரோட்டில் வேகமாக வந்து பள்ளத்தில் இறங்குபவர்தான் அதிகம் ரிம் உடைப்பார்.

காலில் கட்டிய ஒரு கிலோ

முதுகுப் பையில் ஒரு கிலோ கூடினால் நடப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே ஒரு கிலோவைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு ஓடிப் பாருங்கள். வண்டியிலும் அப்படித்தான். சக்கரம், டயர், பிரேக் இவையெல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குபவை. இந்த எடையை அன்ஸ்பிரங் எடை என்பார்கள். இது கூடக் கூட, மேடுபள்ளத்தில் சக்கரம் நிலத்தை ஒட்டி ஏறி இறங்கத் திணறும். ஷாக் அப்சார்பருக்கு வேலை கூடும். உள்ளே இருப்பவர்களுக்குக் குலுங்கும். தவிர, சக்கரம் சுழலவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். மையத்திலிருந்து தள்ளி இருக்கும் எடையைச் சுழற்ற இன்னும் சிரமம்.

ஒரே அளவில் ஸ்டீலுக்கும் அலாய்க்கும் பொதுவாகச் சக்கரத்துக்கு 2 முதல் 4 கிலோ வித்தியாசம் வரலாம். ஆனால் அலாய் என்றாலே லேசு என்று நம்பிவிடாதீர்கள். தடித்த ஸ்போக் வைத்துப் பெரிய அளவில் செய்த மலிவான வார்ப்புச் சக்கரம், சிறிய ஸ்டீல் ரிம்மைவிடக் கனமாகவே இருக்கும். அப்புறம் இன்னொரு விஷயம்: சாதாரணச் சாலை டயரை எடுத்துவிட்டுத் தடித்த ஆஃப் ரோடு டயர் போட்டால், டயரிலேயே நாலைந்து கிலோ கூடிவிடும். அதுவும் சக்கரத்தின் வெளி வட்டத்தில், எடை அதிகம் வலிக்கும் இடத்தில். ரிம்மில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விட்டது.

உண்மையில் யார் அடியைத் தாங்குவது?

என் கருத்தில், ஸ்டீலா அலாயா என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது டயரின் பக்கச்சுவருக்குக் கொடுக்க வேண்டும். ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே எவ்வளவு காற்றும் ரப்பரும் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

டயரில் எழுதியிருக்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 265/70 ஆர்17 என்றால் டயர் அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 அங்குலம். பக்கச்சுவர் சுமார் 185 மில்லிமீட்டர். 275/55 ஆர்20 என்றால் பக்கச்சுவர் சுமார் 151. இரண்டு டயரின் வெளி விட்டமும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர்தான், தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே உயரம். ஆனால் இரண்டாவதில் மெத்தை மூன்றரை சென்டிமீட்டர் குறைவு. அழகுக்காக 20 அங்குல அலாய் போட்டுவிட்டு, அது அடிபட்டால் "அலாய் சரியில்லை" என்று பழி போடுவதில் நியாயம் இல்லை. அந்த இடத்தில் 20 அங்குல ஸ்டீலும் அடி வாங்கியிருக்கும்.

காற்றழுத்தமும் இதோடு சேர்ந்தது. சாலையில் 32 பிஎஸ்ஐ வைத்திருப்பவர் கற்பாதையில் 20 பக்கம், மணலில் இன்னும் கீழே இறக்குவார். டயர் தட்டையாகிப் பிடி கூடும், சின்னக் கல்லை விழுங்கிவிடும். ஆனால் ரிம் தரைக்கு அருகில் வந்துவிடும். அதனால் காற்றை இறக்கினால் வேகத்தையும் இறக்க வேண்டும். அளவுக்கு மீறி இறக்கினால் டயரின் பீட், அதாவது ரிம்மைப் பற்றிக்கொள்ளும் கம்பி வளைய ஓரம், திருப்பத்தில் கழன்றுவிடலாம். பீட்லாக் என்ற வகையில் அந்த ஓரத்தை ஒரு வளையம் வைத்து போல்ட்டால் இறுக்குவார்கள். கடும் பாறை ஏறுபவர்களுக்கு அது தேவை, பல நாடுகளில் பொதுச் சாலைக்கு அனுமதி இல்லை. சும்மா அலங்காரத்துக்குப் போல்ட் தலை ஒட்டிய போலியும் விற்கிறது.

சுருக்கமாக: பக்கச்சுவர் உயரம், காற்று, வேகம். ரிம் எந்த உலோகம் என்பது இவற்றுக்குப் பிறகு வரும் கேள்வி.

துருவும் சேறும்

ஸ்டீல் ரிம்மில் கல்பட்டு பெயின்ட் பெயர்ந்தால் துரு வரும். தேய்த்துப் பெயின்ட் அடித்தால் போச்சு. அலுமினியம் துருப் பிடிக்காது என்றாலும், உப்பும் ஈரமும் சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூக்கும். டயர் உட்காரும் இடத்தில் அது படிந்தால் மெல்லக் காற்று கசியும். ஸ்டீல் ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டும் மையப் பகுதியில், அலுமினியச் சக்கரம் மாதக்கணக்கில் கழற்றாமல் கிடந்தால் இரண்டும் ஒட்டிப்போய், பஞ்சரான அன்று உதைத்தாலும் வராது. சேற்றில் போய் வந்தபின் வண்டி ஆடினால், முதலில் ரிம்மின் உள்பக்கம் அப்பியிருக்கும் சேற்றைக் கழுவிப் பாருங்கள். பேலன்சிங் எல்லாம் அப்புறம்.

யாருக்கு எது?

மாதம் ஒரு முறை மண் பாதை, மற்ற நாளெல்லாம் தார் ரோடு என்றால், வண்டியோடு வந்த 16, 17 அங்குல அலாயே போதும். காசை டயரில் போடுங்கள். உதவி கிடைக்க ஒரு நாள் ஆகும் இடங்களுக்கு, சுமை ஏற்றிக்கொண்டு தனியாகப் போகிறவர் ஸ்டீல் போடுவது நியாயம். விலையும் குறைவு, கீறல் விழுந்தால் மனசும் வலிக்காது. அந்தக் கடைசிக் காரணம் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ரிம் கீறிவிடுமோ என்ற பயத்தில் தப்பான பாதையைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எதை வாங்கினாலும் பின்பக்கம் பொறித்திருக்கும் சுமை அளவைப் பாருங்கள். ஒரு சக்கரத்தின் சுமை அளவு, அது மாட்டியிருக்கும் ஆக்ஸிலுக்கு (இரு பக்கச் சக்கரத்தையும் தாங்கும் அச்சுக்கு) அனுமதித்த எடையில் பாதிக்குக் குறையவே கூடாது. சரிவில் வண்டி சாயும்போது ஒரே சக்கரத்தில் அதைவிட அதிகம் விழும் என்பதால் கொஞ்சம் கூடுதலே நல்லது. அலாய் என்றால் ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது லேசான உலோகச் சக்கரங்களுக்கான ஜப்பானியத் தர அடையாளம். ஆஃப்செட் என்ற எண்ணும் முக்கியம். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் சொல்வது அது. பழைய சக்கரத்தின் எண்ணிலிருந்து வெகுவாக விலகினால் சக்கரம் வெளியே துருத்தும், வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், திருப்பும்போது டயர் உரசும்.

கடைசியாக நட்டு. அலாயும் ஸ்டீலும் பல வண்டிகளில் வேறு வேறு வடிவ நட்டு கேட்கும். ஒன்றின் அடி கூம்பாக இருக்கும், இன்னொன்றின் அடி உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். மாற்றிப் போட்டால் இறுகியது போலத் தோன்றும், ஆனால் சரியாக உட்காராது. நாலு சக்கரம் அலாயும் ஸ்டெப்னி மட்டும் ஸ்டீலுமாக இருந்தால், ஸ்டெப்னிக்கான நட்டுகளைத் தனியாக ஒரு பையில் போட்டு ஜாக்கோடு வையுங்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை ஒரு 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.